சங்கவி விட்ட ஆறாவது பாடம்

சங்கவி கல்லூரியிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சரியாக இரண்டரை மணிக்கு, கல்லூரியின் அறை எண் பத்தொன்பது அவளைத் தேடிக்கொண்டு லைன் வீட்டுக்கு வந்தது. இடித்துக்கொண்டு வரவில்லை, சத்தம் போட்டுக்கொண்டும் வரவில்லை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடுகள் இருக்கும் அந்த லைனில், ஆறாவது வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே காலைவரை வெறும் சுவராக இருந்த இடத்தில் பச்சை பெயின்ட் உரிந்த இரட்டைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பதினாறு பெஞ்சும், பாதி அழித்த கரும்பலகையும், கடகடவென்று சுற்றும் மின்விசிறியும் தெரிந்தன. ஒரு கையில் சாக்பீஸும் மறு கையில் வருகைப் பதிவேடுமாக பியூலா மேடம் வாசலில் நின்று வெளியே எட்டிப் பார்த்தார்.

"சங்கவி, இன்னிக்கு வரலையா?" என்றார் மேடம்.

மடியில் பனியன் துண்டுகளைக் குவித்து வைத்துப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த சங்கவி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வந்துட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிப்போட்டு, உள்ளே போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐந்தாவது வீட்டு ராசாமணி, கதவு திறக்க இடைஞ்சலாக இருந்த துணிக்கொடியை அவிழ்த்து அந்தப் பக்கத்து ஆணியில் மாற்றிக் கட்டினாள். அந்த லைனில் அன்றைக்கு இதைப் பற்றி நடந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

சங்கவி ஏன் வகுப்புக்குப் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம், மூன்றாம் பருவம். கம்பெனிக் கணக்கு, வரிச் சட்டம், புள்ளியியல், கணினி, ஆங்கிலம் என்று எல்லோருக்கும் உள்ள ஐந்து பாடங்கள் அவளுக்கும் இருந்தன. அதற்கு மேல், விருப்பப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த 'பண்டைய நாகரிகங்கள்' என்ற ஆறாவது பாடத்துக்கும் அவள் பெயர் கொடுத்திருந்தாள். காலை எட்டரையிலிருந்து ஒன்றே கால் வரை கல்லூரி, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஆறாவது பாடத்துக்காக மூன்றரை வரை. வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் பீஸ்களுக்கு இருட்டும்வரை பிசிறு வெட்ட வேண்டும். சனி, ஞாயிறு பனியன் கம்பெனியில் கைமடியாக நின்று, தைப்பவருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கி, ஒன்றரை ஷிப்ட் பார்க்க வேண்டும். படிப்பு இந்த இடுக்குகளில் எங்கேயாவது நுழைந்துகொள்ள வேண்டும். தூக்கத்துக்கு இடுக்கும் கிடையாது.

அப்பா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அம்மாவை லைனில் எல்லோரும் சங்கவியம்மா என்றே கூப்பிட்டார்கள். கம்பெனியின் மூட்டைச் சீட்டில் நாற்பத்திரண்டு என்ற எண் மட்டும் இருக்கும். அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது லைனில் சங்கவியைத் தவிர யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

ஐந்து பாடங்களும் வேலைக்காக என்பதில் சங்கவிக்குச் சந்தேகம் இல்லை. ஏதோ ஒரு அலுவலகத்தில், உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு அவை கொண்டுபோய் விடும். ஆறாவது பாடம் எங்கேயும் கொண்டுபோய் விடாது. அது பிடித்திருந்தது, அதனால் எடுத்தாள். பத்தொன்பது வருட வாழ்க்கையில் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் அவள் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். கொடுமை என்னவென்றால், பாரம் தாங்காமல் எதையாவது இறக்கி வைக்க வேண்டுமென்றால் சட்டப்படி இறக்கி வைக்கக்கூடியதும் அது ஒன்றுதான். இருபத்தெட்டாம் தேதிக்குள் விலகல் படிவம் கொடுத்தால் மதிப்பெண் பட்டியலில் ஒரு தடமும் இருக்காது. பெயர் கொடுத்த இருபது பேரில் பத்தொன்பது பேர் அப்படியே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சங்கவியின் படிவமும் எல்லா இடமும் நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல், புள்ளியியல் நோட்டுக்குள் மடித்துக் கிடந்தது. கையெழுத்துப் போட மனசு வரவில்லை. போகாமல் இருந்தால் அதுவே மெல்ல வற்றிப்போய்விடும் என்று நினைத்துத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். அது வற்றவில்லை, பின்னாலேயே வந்து நின்றது.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் இரண்டரை மணிக்குச் சங்கவி எங்கே இருந்தாளோ அங்கே அறை எண் பத்தொன்பதும் இருந்தது. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வந்தது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளையும் செங்கல்லையும் இடம் பார்த்துக்கொள்ள வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள், மூன்றரைக்கு வெளியே வந்து அவரவர் செங்கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். மற்றபடி பெரும்பாலும் லைனில்தான். லைனின் வீட்டுக்காரர் மூன்றாம் வகுப்பன்று பைக்கில் வந்து இறங்கி, எட்டு கதவு ஒன்பதானதை விரலை நீட்டி நீட்டி எண்ணிப் பார்த்து, குழாய்த் தண்ணீரை அந்த அறை எடுக்கிறதா என்று விசாரித்து, மின்விசிறி ஓடுவது கல்லூரியின் கரண்டில்தான் என்று மேடத்தின் வாயாலேயே கேட்டுத் தெளிந்து, ஒரு கால்மணி நேரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரத்திலேயே பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. ராசாமணி, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் மூன்றரை வரை திரும்பிப் போகவில்லை. இரண்டாவது வீட்டு அன்வர் அண்ணன் கட்டிங் மாஸ்டர், காதில் பென்சிலோடு முதல் பெஞ்சில் உட்காருவார். கடைசி வீட்டுக் கதிரேசன் பேக்கிங்கில் இருப்பவன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பவன், வகுப்புக்கென்று தலை சீவி வருவான். செருப்பைக் கழற்றாமல் ஒருவரும் உள்ளே போவதில்லை. சங்கவியின் அம்மா மட்டும் உள்ளே வரவே இல்லை. மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே, ஒரு காது உள்பக்கம் இருக்கிறமாதிரி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். மகள் வகுப்பில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மகளின் பீஸ்களையும் அவள்தான் வெட்ட வேண்டியிருந்தது.

மேடம் பதிவேட்டைத் திறந்து, "சங்கவி" என்று ஒரே ஒரு பெயரைக் கூப்பிடுவார். அவள் வந்திருக்கிறேன் என்று சொல்வாள். மற்ற பெயர்கள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்ததால் அவர் அங்கேயே பதிவேட்டை மூடுவார், அப்போது பதினைந்து பெஞ்சுகளில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மேடம், எகிப்தில் அரசர்களுக்குக் கல்லறை குடைந்த வேலைக்காரர்களின் ஊரில் தோண்டியெடுத்த ஒரு கல் சில்லைப் பற்றிச் சொன்னார். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் யார் யார் என்றைக்கு வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண்நோவு. ஒருவன் மது காய்ச்சப் போனான். ஒருவன் செத்துப்போன அம்மாவின் உடம்புக்குத் துணி சுற்றப் போனான்.

"அம்மாவுக்குப் போனவனுக்கு எத்தனை நாள் லீவுங் மேடம் குடுத்தாங்க?" என்று ராசாமணி கேட்டாள்.

"அது அந்தக் கல்லுல ஒழுங்காத் தெரியலைங்க."

"என்ற அம்மா செத்தப்ப எனக்கு அரை நாள் குடுத்தாங்க" என்றாள் ராசாமணி. அதன் பிறகு அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை.

சங்கவி படிவம் நிரப்பி வைத்திருப்பது லைனுக்குத் தெரியவந்தது அதற்கு அடுத்த நாள். நோட்டிலிருந்து விழுந்ததைக் கதிரேசன் எடுத்துப் படித்துவிட்டான். காதும் காதும் வைத்தமாதிரி முடிந்திருக்க வேண்டிய விஷயம் பத்து நிமிடத்தில் குழாயடிக்கு வந்துவிட்டது. அவள் பெயரையும் அடித்துவிட்டால் பதிவேட்டில் யாரும் இல்லை, யாரும் இல்லாத வகுப்பைக் கல்லூரி மூடிவிடும் என்பது எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது.

"அம்மிணி, நீ விட்டா எங்களுக்குப் போயிருமில்ல" என்றார் அன்வர் அண்ணன். அவர் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகச் சொன்னார். அதுதான் சங்கவிக்குத் தாங்க முடியாமல் போனது.

"முடியலைங்ணா. தலைக்கு மேல கெடக்குது. இப்ப மூணு கட்டுரை வேற குடுத்திருக்காங்க. நைல் ஒண்ணு, யூப்ரடீஸ் ஒண்ணு, சிந்து ஒண்ணு. எப்ப எழுதறது நானு?"

"இவ்வளவுதானா?" என்றாள் ராசாமணி. "கம்பெனி லைன்ல பீஸ் குமிஞ்சு போச்சுன்னா பிரிச்சுக்கறதில்லையா? குடு இங்க."

பனியன் கம்பெனியில் ஒரு சட்டையை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருவர் கை மட்டும், ஒருவர் கழுத்து மட்டும், ஒருவர் பாடி மட்டும். வேலையை அப்படித்தான் பிரிக்க முடியும் என்பது அவர்கள் எல்லோருக்கும் இருபது வருடமாக உடம்பிலேயே ஊறிப்போன விஷயம். அதனால் ஆளுக்கு ஒரு கட்டுரை என்று யாருக்குமே தோன்றவில்லை. முதல் வேலை கட்டிங் என்பதால் மூன்று கட்டுரைக்கும் தொடக்கத்தை அன்வர் அண்ணன் எழுதினார். நடுப்பகுதி மூன்றையும் ராசாமணி எழுதினாள். முடிவு மூன்றையும் எழுதி, ஒன்றோடொன்று சேர்த்து, பின் அடித்துக் கட்டுவது கதிரேசன் வேலை. அவன் சேர்த்து அடுக்கியதும், கட்டுவதற்கு முன்னால், கம்பெனியில் எந்த பீஸும் செக்கிங் ஆகாமல் பேக்கிங்குக்குப் போகாது என்பதால், தாள்கள் சங்கவியின் அம்மாவிடம் போயின. அவள் கத்தரியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து, அங்கங்கே துருத்திக்கொண்டிருந்த 'மாபெரும்', 'உன்னதமான', 'எண்ணற்ற' என்ற வார்த்தைகளையெல்லாம் பிசிறு வெட்டுகிறமாதிரி அடித்துக்கொண்டே வந்தாள். பிறகு சில இடங்களில், பழுதான பீஸில் ஒட்டும் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள். கதிரேசன் அதைப் பார்த்தான். ஆனால் மறுநாள் காலையில் கட்டுரை போய்ச்சேர வேண்டும், சரக்கு கிளம்புகிற நேரத்தில் ஸ்டிக்கரைப் பார்த்து நிறுத்தி வைக்கிற பழக்கம் எந்தப் பேக்கிங் செக்ஷனிலும் கிடையாது. அப்படியே பின் அடித்துவிட்டான். இத்தனை நாளில் முதல்முறையாக அன்றிரவு ஒன்பது மணிக்கே படுத்திருந்த சங்கவி, காலையில் கட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை மேடம் அதை வகுப்பில் வாசித்தார். நைல் நதியில் தொடங்கிய கட்டுரை நடுவில் பாபிலோனின் மதில்களைச் சுற்றிவிட்டு சிந்துவெளியின் செங்கல்லில் முடிந்தது. சிந்துவில் தொடங்கியது பிரமிடில் போய் நின்றது. முதலில் சிரித்தவர்கள் அன்வர் அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"எழுதினவங்க மூணு பேர்னு தெரியுது" என்றார் மேடம். "பேர் ஒண்ணுதான் இருக்கு. நான் இதை வாங்கிக்க முடியாது சங்கவி. நீயே உன் கையால எழுதிச் செவ்வாய்க்கிழமை குடு." பிறகு தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். "ஒரே ஒரு விஷயம். எங்கெங்க ஒட்டு மாறியிருக்கோ அங்கெல்லாம் கரெக்டா ஒரு சிவப்பு அம்பு இருக்கு. ஒண்ணுகூடத் தப்பலை. இதை ஒட்டினவங்க நான் நடத்தினது மொத்தத்தையும் கேட்டிருக்காங்க. யாரு அது?"

கதவுக்கு வெளியே கத்தரிச் சத்தம் ஒரு விநாடி நின்றுவிட்டு மறுபடியும் தொடங்கியது. சங்கவி அதைக் கேட்டாள். சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று கட்டுரையை மூன்று நாளில் எப்போது எழுதுவது என்று மனதுக்குள் மணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து நைலை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் எழுந்து யூப்ரடீஸில் பாதி எழுதினாள். கம்பெனியில் அன்று ஒரு டெய்லர் வராததால், கைமடியாக நின்றவளை ஓவர்லாக் மெஷினில் உட்காரச் சொன்னார்கள். துணியைத் தள்ளிக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. விரல்தான் அடுத்த துணி என்று மெஷின் நினைத்துக்கொண்டது. வலது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து ஊசி மறுபக்கம் வந்து, நூலோடு நின்றது.

ராசாமணிதான் மெஷின் சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி ஊசியை எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டு வீட்டுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா சோற்றைப் பிசைந்து, மகளுக்குக் கையால் உருட்டிக் கொடுத்தாள்.

"விட்டுரு கண்ணு" என்றாள்.

"எதைம்மா?"

"அந்த ஆறாவத."

சங்கவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அது ஒண்ணுதாம்மா நானா எடுத்தது."

"தெரியுது." அம்மா அடுத்த உருண்டையைப் பிடித்தபடியே சொன்னாள். "நானும் ஏழாங்கிளாஸ்ல விட்டேன். விட்டேன்னு இல்ல, விட வச்சாங்க. கைமடிக்கு ஆள் வேணும்னாங்க. அப்புறம் ஒரு வாரம், கம்பெனிக்குப் போறப்பவும் வாறப்பவும் ரோட்டத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போவேன். பள்ளிக்கூடத்துல இருந்து யாராச்சும் பின்னால வந்து கூப்புடுவாங்கன்னு. எனக்கு எதுவும் பின்னால வரல. உனக்குப் பின்னாலயே வருது, நெலையோட கதவோட வருது. அதனால விடறது உனக்குக் கஷ்டந்தான். ஆனா உன்ற விரல் போச்சுன்னா அஞ்சும் போயிரும்."

சங்கவி சோற்றை விழுங்கினாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் வரிசையில் இருந்தாள். அறை எண் பத்தொன்பது அங்கே வந்தது. மாவுக்கட்டோடு ஒருவரும், தலையில் துணி சுற்றிய ஒருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மேடம் சங்கவியின் விரலைப் பார்த்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஒரு வாரம் தள்ளித் தர்றேன், எழுதிக் குடு."

"ஒரு வாரம் தள்ளினா அது போயிராது மேடம். அடுத்த வாரத்து வேலை மேல இதுவும் ஏறி உக்காந்துக்கும்."

மேடம் அதை யோசித்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து விடுதி அறையில் தங்கி, மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர். இந்த வகுப்பு போனால் தனக்கு என்ன போகும் என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும் படிவம் வாங்குவாங்க" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பேனாவைப் பிடித்துச் சங்கவி கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணிக்கொண்டு போயின. மேடம் அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, பதிவேட்டைத் திறந்து, இருபதாவது பெயரின் மேலும் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது, சங்கவி எதிர்பார்த்ததுபோல் ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கவில்லை. கொஞ்சம் அழுதாள். ஜன்னலோரம் என்பதால் யாரும் பார்க்கவில்லை.

லைனில் யாரும் அவளைத் திட்டவில்லை. ராசாமணி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில் சங்கவியின் குடம் முதலில் இருந்தும் அதைத் தாண்டித் தன் குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். அவிழ்த்து மாற்றியிருந்த துணிக்கொடியைப் பழைய ஆணிக்கே கொண்டுவந்து இழுத்துக் கட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒருவருக்கும் அங்கே வேலை இல்லை, ஆனாலும் இரண்டேகாலிலிருந்தே ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள். அன்வர் அண்ணன் ஏற்கெனவே சீவிய பென்சிலைச் சீவினார். கதிரேசன் நிறைந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றினான். ராசாமணி காயாத துணியைத் திருப்பிப் போட்டாள். ஆறாவது வீட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த சுவரை யாரும் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள எல்லோரும் மிகவும் பாடுபட்டார்கள். நான்காவது வீடான தங்கள் வீட்டு வாசலில் சங்கவியின் அம்மா மூட்டையைப் பிரித்து உட்கார்ந்திருந்தாள், போய்ப் படு என்று சொல்லியும் கேட்காமல் கட்டுப் போட்ட விரலோடு சங்கவியும் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் பீஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்வர் அண்ணனின் கைக்கடிகாரத்தில் இரண்டரை ஆனது. சுவர் சுவராகவே இருந்தது. இரண்டு முப்பத்தொன்று. அன்வர் அண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்ப எழுந்தார்.

அப்போது சங்கவியின் அம்மாவின் மடியில் கிடந்த வெள்ளைத் துணியின் மேல் கதவின் நிழல் விழுந்தது. அறை எண் பத்தொன்பது வழக்கமான இடத்துக்கு வரவில்லை. நான்காவது வீட்டுக்கு நேர் எதிரே, நீட்டியிருந்த காலை அவள் மடக்கிக்கொள்ள வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சங்கவி பழக்கத்தில் எழுந்துவிட்டாள். பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்தாள்.

மேடம் பதிவேட்டோடு வாசலில் நின்றார். இருபது சிவப்புக் கோடுகளுக்குக் கீழே, முந்தின நாள் வெறுமையாக இருந்த இருபத்தொன்றாவது வரியில் அவருடைய கையெழுத்திலேயே ஒரு பெயர் இருந்தது. அதை எப்போது எழுதினோம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. சத்தமாக வாசித்தார்.

"மயிலாத்தாள்."

லைனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அது யாரு?" என்றார் அன்வர் அண்ணன்.

"எங்கம்மா" என்றாள் சங்கவி.

மயிலாத்தாள் கத்தரியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ, முகம் வெளிறிவிட்டது. "வேலை கெடக்குதுங் டீச்சர்" என்றாள், மூட்டையைக் காட்டி. "ஏழு மணிக்குச் சரக்கெடுக்க வண்டி வந்துருமுங்."

மேடம் கதவைச் சாத்தவில்லை. ராசாமணி துணிக்கொடியின் அடியில் குனிந்து வந்து, மூட்டையின் வாயைப் பிடித்து இழுத்து, பீஸ்களைத் தரையில் மூன்று குவியலாகப் பிரித்தாள். ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒன்றை அன்வர் அண்ணன் முன்னால் தள்ளினாள். மூன்றாவதைக் கதிரேசன் கேட்காமலே வந்து எடுத்துக்கொண்டான். தனக்கும் ஒரு பங்குக்காகச் சங்கவி கையை நீட்டினாள். ராசாமணி அந்தக் கையைப் பிடித்து, கட்டுப் போட்ட விரலில் படாமல், மெல்லக் கீழே வைத்தாள்.

"நீ போய்ப் படு அம்மிணி" என்றாள். ஒரு நாளைக்குப் பிறகு அவள் சங்கவியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மயிலாத்தாள் எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த நூல் துண்டுகளை உதறினாள், உதறியும் போகாததை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தாள். செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வாசலோரம் வைத்தாள். உள்ளே போய், எந்த பெஞ்ச் என்று ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு, இரண்டாவது பெஞ்சில், சங்கவி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். காலி பெஞ்சுகளுக்கு நடுவே அவள் தனியாகத் தெரிந்தாள். வெளியே மூன்று கத்தரிகள் வெட்டத் தொடங்கின. உள்ளே பேசுவது கேட்க வேண்டும் என்பதற்காக மூன்று பேரும் கதவை ஒட்டி நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

சங்கவி போய்ப் படுக்கவில்லை. அம்மா இத்தனை நாள் சாய்ந்து உட்கார்ந்த மாதிரியே, கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து, ஒரு காது உள்பக்கமாக இருக்க, காலை நீட்டிக்கொண்டாள். அந்த இடத்திலிருந்து எல்லாமே நன்றாகக் கேட்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மேடம் பேனாவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டார். "மயிலாத்தாள்."

இந்தக் காலத்துக் கல்லூரியில் அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று அவள் இத்தனை வாரமாகக் கேட்டுத்தான் இருந்தாள். ஆனால் வாய்க்கு வந்தது அதுவல்ல. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், ஏழாம் வகுப்பில், ஒரு வாத்தியாருக்குக் கடைசியாகச் சொன்னதே, எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டவளின் வாயில் வந்தது.

"உள்ளேன் ஐயா."

மேடம் அதைத் திருத்தவில்லை. பதிவேட்டில் குறித்துக்கொண்டு, உட்காருங்க என்று சொல்லி, பலகைப் பக்கம் திரும்பி, நைல் வருஷா வருஷம் பெருகி வண்டலைக் கொண்டுவந்து கரையில் விட்டுவிட்டுப் போவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தண்ணீர் வடிவது வரைதான் சங்கவிக்குக் கேட்டது. அதற்குள் தூங்கிவிட்டாள். வகுப்பு முடிந்தது, அறை போனது, வண்டி வந்து சரக்கை எடுத்துக்கொண்டும் போனது. அவளை யாரும் எழுப்பவில்லை.